கலந்தும் கலக்காமலும்: செல் சவ்வில் லிப்பிடுகள் எப்படி இருக்கின்றன?

கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். "செல் சவ்வில் நூற்றுக்கணக்கான வகை லிப்பிடுகள் (கொழுப்பு வகை மூலக்கூறுகள்) இருப்பதாகச் சொல்கிறார்கள். பாடப்புத்தகப் படத்தில் எல்லாம் சீராகக் கலந்து மிதக்கின்றன. இன்னொரு பக்கம் 'லிப்பிட் ராஃப்ட்' என்று தனிக் கூட்டங்கள் இருப்பதாகவும் படிக்கிறேன். உண்மையில் கலந்திருக்கின்றனவா, பிரிந்திருக்கின்றனவா?"

எவ்வளவு பெரிய இடத்தை எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்று சொன்னால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். நழுவுவதற்காகச் சொல்லவில்லை. மனித செல்லின் வெளிச்சவ்வில் ஒரு மைக்ரோமீட்டர் அகலத்தை ஒரு நொடி பார்த்தால் கலந்துதான் தெரியும். அதே சவ்வில் 20 நானோமீட்டர் அகலத்தைச் சில மில்லிநொடி மட்டும் பார்க்க முடிந்தால், கூட்டம் கூடுவதும் கலைவதுமாகத் தெரியும். இரண்டும் உண்மைதான். ஏன் அப்படி என்பதற்குச் சமையலறையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒன்றும் வராது. பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய் வழக்கம்போல ஊற்றும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறைந்துவிடும். அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றவை. அதாவது சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை, நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். நல்லெண்ணெயில் பெரும்பகுதி இரட்டைப் பிணைப்பு உள்ளவை; அந்த இடத்தில் சங்கிலி வளைந்துவிடும். முருங்கைக்காயை அடுக்கிக் கட்டாகக் கட்டலாம். கொடுக்காப்புளியை அப்படிக் கட்டிப் பாருங்கள், முடியாது. நேரானவை நெருங்கி அடுக்கிக்கொள்ளும், கோணலானவை இடைவெளி விட்டே கிடக்கும். கிட்டத்தட்ட மொத்தக் கதையும் இதிலிருந்துதான் வருகிறது.

சவ்வில் இருப்பது எண்ணெய் இல்லை, பாஸ்போலிப்பிட். தண்ணீரை விரும்பும் ஒரு தலை, தண்ணீரை வெறுக்கும் இரண்டு வால்கள். தண்ணீரில் விட்டால் வால்களை உள்ளே மறைத்து, தலைகளை இரு பக்கமும் வெளியே காட்டி, சுமார் 4 நானோமீட்டர் தடிமனில் இரட்டை அடுக்காக அமைந்துகொள்ளும். 1925-ல் நெதர்லாந்தின் லெய்டனில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களின் லிப்பிடைப் பிரித்தெடுத்துத் தண்ணீர் மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. அப்படியானால் இரட்டை அடுக்கு என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் லிப்பிடை முழுசாகப் பிரித்தெடுக்கவில்லை, அணுவின் பரப்பையும் குறைத்துத்தான் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான விடை வந்துவிட்டது. தேர்வில் நமக்கு மட்டும் இப்படி அமைவதில்லை.

வாலின் வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மூன்று எண்கள் போதும். டிபிபிசி என்ற லிப்பிடுக்கு 16 கார்பன் நீளத்தில் இரண்டு நேர் வால்கள். 41 டிகிரியில் உருகும். அதே தலையோடு 18 கார்பன் நேர் வால்கள் என்றால் 55 டிகிரி. அந்த 18 கார்பன் வால் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பைச் சேருங்கள், அது டிஓபிசி. உருகும் புள்ளி சுமார் மைனஸ் 17-க்குப் போய்விடும். வாலுக்கு ஒரு வளைவு, அதற்கே 70 டிகிரி இறக்கம்.

இப்போது டிபிபிசியையும் டிஓபிசியையும் சரிபாதி கலந்து 25 டிகிரியில் வைத்தால் என்ன ஆகும்? நேர் வால்காரர்கள் ஒன்றுசேர்ந்து உறைந்துபோவார்கள், கோணல் வால்காரர்கள் சுற்றிலும் திரவமாக ஓடுவார்கள். உறைந்த பகுதிக்கு ஜெல் என்று பெயர். அதற்குள் ஒரு மூலக்கூறு பக்கவாட்டில் நகரும் வேகம், திரவப் பகுதியில் நகர்வதைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. திரவப் பகுதியிலோ ஒரு லிப்பிட் பாக்டீரியாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஒன்றிரண்டு நொடி போதும்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். தன் இனத்தை விரும்பும் குணம் இருந்தால் எல்லா லிப்பிடும் எப்போதும் பிரிந்தே இருக்க வேண்டாமா? வேண்டாம். கலந்து கிடப்பதற்கு எத்தனையோ வழிகள் உண்டு, பிரிந்து நிற்பதற்கு மிகச் சில வழிகள்தான். என்ட்ரோபி எப்போதும் கலக்கச் சொல்லி இழுத்துக்கொண்டே இருக்கும். இன விருப்பம் அதை மீறினால்தான் பிரிவு. அந்த எல்லைக்கோடு எங்கே என்று கணக்குப் போடலாம். ஒவ்வொரு லிப்பிடுக்கும் ஆறு பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று வைத்துக்கொண்டால், வேறு இனத்தோடு ஒட்டி நிற்க ஒரு ஜோடிக்கு ஆகும் கூடுதல் ஆற்றல் மூலுக்குச் சுமார் 330 கலோரியைத் தாண்டினால் பிரிவு. தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு சில ஆயிரம் கலோரி. அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத விஷயம் இது. இவ்வளவு சின்ன விருப்பு வெறுப்பு கோடிக்கணக்கான மூலக்கூறுகளில் சேரும்போது சவ்வு முழுவதையும் இரண்டாக்கிவிடுகிறது. கொஞ்சம் குறைந்தால் ஒன்றாக்கிவிடுகிறது. எனக்கு இந்தத் துறையில் முதலில் பிடித்துப்போன இடம் இதுதான்.

சரி, கொலஸ்ட்ராலுக்கு வருவோம். டாக்டர் ரிப்போர்ட்டில் கெட்ட பெயர் வாங்கினாலும், நம் செல்களின் வெளிச்சவ்வு லிப்பிடில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதுதான். தட்டையான, வளையாத வளையங்கள். தலை என்று சொல்ல ஒரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. உடம்புக்குப் பற்றாத தலை என்பதால், பெரிய தலை உள்ள லிப்பிடுக்கு அடியில், குடைக்குள் ஒதுங்குவது மாதிரி ஒதுங்கிக்கொள்ளும். தட்டையாக இருப்பதால் நேர் வால்காரர்களின் பக்கத்தில் நிற்கத்தான் அதற்கு இஷ்டம்.

அப்படிப் போய் நின்றால் இரண்டு வேலை நடக்கிறது. திரவமாக ஓடுகிற லிப்பிடை நிமிர்த்தி நெருக்குகிறது. உறைந்து கிடக்கும் ஜெல்லின் அடுக்கையோ நடுவில் புகுந்து கலைக்கிறது. கடைசியில் கிடைப்பது ஜெல்லும் இல்லை, சாதாரணத் திரவமும் இல்லை. வால்கள் நிமிர்ந்து நிற்கும், ஆனால் மூலக்கூறுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் யாரும் கையைக் காலை நீட்ட முடியாது, எல்லோரும் விறைப்பாகத்தான் நிற்பார்கள். ஆனாலும் கூட்டம் நகரும் அல்லவா, அது மாதிரி. 1987-ல் டென்மார்க்கின் மோரிட்சன் குழு இதற்கு 'ஒழுங்குள்ள திரவம்' என்ற பெயரைக் கொடுத்தது. மற்றது 'ஒழுங்கற்ற திரவம்'. ஒரே சவ்வில் இரண்டு திரவங்கள் எண்ணெயும் தண்ணீரும் போலப் பிரிந்து நிற்க முடியும் என்பதுதான் இதில் புதுமை.

இதைக் கண்ணால் பார்க்கலாம். மின்சாரம் கடத்தும் பூச்சு பூசிய கண்ணாடித் துண்டில் குளோரோஃபார்மில் கரைத்த லிப்பிடைத் தடவி, குளோரோஃபார்மை வெற்றிடத்தில் உலர்த்தி, சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி, 60 டிகிரியில் வைத்து, ஒரு வோல்ட் அளவில் நொடிக்கு 10 சுழற்சியாகத் திசை மாறும் மின்சாரத்தை ஒன்றிரண்டு மணி நேரம் கொடுக்க வேண்டும். லிப்பிட் படலம் உரிந்து உரிந்து, செல் அளவுக்கும் அதற்கு மேலும் பெரிய குமிழ்களாகக் கிளம்பும். 1986-ல் பல்கேரியாவின் ஏஞ்சலோவாவும் திமித்ரோவும் சொன்ன முறை இது, இன்றும் மாறவில்லை. உள்ளே சுக்ரோஸ், வெளியே குளுக்கோஸ் வைத்தால் குமிழ் கனத்து அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், பார்க்க வசதி.

டிபிபிசி, டிஓபிசி, கொலஸ்ட்ரால் மூன்றும் கிட்டத்தட்ட சமபங்கு, கூடவே ஒழுங்கற்ற பகுதியை மட்டும் விரும்பும் சிவப்புச் சாயம் ஒரு துளி. 40 டிகிரியில் குமிழ் முழுக்க ஒரே சிவப்பு. சூட்டைக் குறைத்துக்கொண்டே வந்தால் 30 டிகிரியை ஒட்டி ஒரு கணம் குமிழ் நடுங்குவது போலத் தெரியும், அப்புறம் சட்டென்று கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் துல்லியமான வட்டம். சாயம் நுழையாத அந்தக் கறுப்புதான் ஒழுங்குள்ள திரவம். புள்ளிகள் நீந்தும், மோதும், மோதியவை ரசத்தில் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள் மாதிரி ஒன்றாகி மறுபடி வட்டமாகும். ஜெல்லாக இருந்தால் இப்படி ஒன்றாகாது, ஒட்டிக்கொண்டு கோணல்மாணலாக நிற்கும். கொஞ்ச நேரத்தில் பாதிக் குமிழ் கறுப்பு, பாதிக் குமிழ் சிவப்பு. ஒழுங்குள்ள பகுதி அரை நானோமீட்டருக்கு மேல் தடிமன் கூடியது என்பதால் எல்லையில் ஒரு படிக்கட்டு வருகிறது. அதை வைத்திருக்க ஆற்றல் செலவாகும். எல்லையைச் சுருக்கப் பார்ப்பதால்தான் வட்டம், எல்லையைக் குறைக்கத்தான் ஒன்றுசேர்தல்.

மாணவனாக இருந்தபோது இந்தக் குமிழ்களிடம் நான் இரண்டு தடவை ஏமாந்தேன். ஒருநாள் மின்சாரம் போய் ஏசி நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால் புள்ளி ஒன்றுகூட இல்லை. சாம்பிள் கெட்டுவிட்டது என்று கொட்டப் போனேன். சீனியர் அக்கா ஒருவர் வந்து, "தெர்மாமீட்டரைப் பார்த்தியா?" என்றார். அறை 33 டிகிரி. ஏசி வந்ததும் புள்ளிகளும் வந்தன. இரண்டாவது இன்னும் மோசம். பிரியவே கூடாத ஒரு கலவையில் அழகாகப் புள்ளிகள் வந்தன. பெரிய கண்டுபிடிப்பு என்று இரண்டு நாள் தூங்கவில்லை. விளக்கை அதிக நேரம் அடித்ததில் சாயம் கிளப்பிவிட்ட ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி லிப்பிடையே மாற்றியிருந்தது. விளக்கைக் குறைத்ததும் என் கண்டுபிடிப்பு காணாமல் போனது.

ராஃப்ட் சர்ச்சையிலும் பாதி இப்படித்தான். 1972-ல் சிங்கரும் நிக்கல்சனும் ஃப்ளூயிட் மொசைக் மாதிரியைச் சொன்னபோது லிப்பிட் பெரும்பாலும் புரதம் மிதக்கும் கடல் மட்டுமே. 1997-ல் கை சைமன்ஸும் எலினா இகோனனும் பெரும்பாலும் நேர் வால் கொண்ட ஸ்ஃபிங்கோலிப்பிடும் கொலஸ்ட்ராலும் சேர்ந்த 'தெப்பங்கள்' (ராஃப்ட்) கடலில் மிதக்கின்றன, குறிப்பிட்ட புரதங்களை ஏற்றிச் செல்கின்றன என்று எழுதினார்கள். தெப்பம் என்ற சொல்தான் வினை. தெப்பம் என்றதும் நமக்கு மாரியம்மன் தெப்பக்குளத்தில் சுற்றி வருவது போல ஒரு கட்டுமானம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. அப்படி உறுதியான ஒன்றைத் தேடிப் பலர் பல வருடம் அலைந்தார்கள்.

தேடிய முறையும் சரியில்லை. செல்லை 4 டிகிரியில் டிரைட்டான் என்ற சோப்பில் போட்டு, கரையாமல் மிஞ்சுவதுதான் ராஃப்ட் என்று ஒரு காலம் இருந்தது. நேர் வால் லிப்பிடுகள் குளிரில் இன்னும் இறுகும் என்று மேலே பார்த்தோம். போதாததற்கு, டிரைட்டானே பிரிவைத் தூண்டும் என்று 2002-ல் தெரிந்தது. ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, எண்ணெய் உறைந்திருக்கிறது பார் என்பது மாதிரிதான் இது. அந்த முறையில் வந்த எல்லா முடிவும் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது மட்டுமே ஆதாரம் என்றால் நான் நம்ப மாட்டேன்.

2006-ல் துறையில் இருந்தவர்கள் கூடி ஒரு வரையறைக்கு வந்தார்கள்: 10 முதல் 200 நானோமீட்டர், ஒரே மாதிரி இல்லாதவை, வேகமாக மாறிக்கொண்டே இருப்பவை, ஸ்டெராலும் (கொலஸ்ட்ரால் இனம்) ஸ்ஃபிங்கோலிப்பிடும் மிகுந்தவை. சாதாரண ஒளி நுண்ணோக்கிக்கு 200 நானோமீட்டருக்குக் கீழ் தெரியாது. ஆக, பார்க்க முடியாத அளவில் இருக்கிறது என்று வரையறுத்துவிட்டுப் பார்க்கக் கிளம்பினார்கள். 2009-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஸ்டெஃபான் ஹெல் குழு, ஒளியின் எல்லையைத் தாண்டும் தங்கள் நுண்ணோக்கியால் உயிருள்ள செல்லிலேயே அளந்தது. ஸ்ஃபிங்கோலிப்பிடுகள் 20 நானோமீட்டருக்கும் குறைவான இடங்களில் 10 முதல் 20 மில்லிநொடி மாட்டிக்கொண்டு பிறகு விடுபடுகின்றன. சாதாரண பாஸ்போலிப்பிட் அப்படி மாட்டுவதில்லை.

பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் சத்யஜித் மேயர் குழு இன்னொரு கோணத்தில் வந்தது. லிப்பிட் நங்கூரம் போட்டு வெளிப்பக்கம் நிற்கும் புரதங்கள் நான்கைந்து நானோமீட்டருக்குள் இரண்டு, மூன்று, நான்காகக் கூடியிருப்பதை 2004-ல் காட்டினார்கள். வெறும் வெப்பநிலையும் விருப்பமும் மட்டும் இந்தக் கூட்டத்தை விளக்காது. சவ்வுக்குக் கீழே இருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகள் செல்லின் ஆற்றலைச் செலவழித்து இழுத்துச் சேர்க்கின்றன என்பது அவர்களும் கோட்பாட்டாளர் மதன் ராவும் கொண்டுவந்த விளக்கம். ராட்சதக் குமிழில் ஆக்டின் கிடையாது. கண்ணாடியில் செய்த குமிழையும் உயிருள்ள செல்லையும் ஒன்றாகப் பார்த்த என் போன்றவர்களுக்கு நல்ல குட்டு அது.

கீழே இருக்கும் ஆக்டின், வெளிப்பக்கம் நிற்பதை எப்படி இழுக்கும்? அதற்கு இரண்டு அடுக்கும் வேறு வேறு என்பதைச் சொல்ல வேண்டும். வெளி அடுக்கில் பாஸ்ஃபாடிடைல்கோலின், ஸ்ஃபிங்கோமையலின் என்ற லிப்பிடுகள் அதிகம். உள் அடுக்கில் பாஸ்ஃபாடிடைல்எத்தனாலமைனும், எதிர்மின் சுமை உள்ள பாஸ்ஃபாடிடைல்செரினும். ஒரு பாஸ்போலிப்பிட் தானாகக் குட்டிக்கரணம் போட்டு அடுத்த அடுக்குக்குப் போக மணிக்கணக்கு, சில சமயம் நாள்கணக்கு ஆகும், ஏனென்றால் தலை எண்ணெய்க்குள் நுழைந்து போக வேண்டும். கொலஸ்ட்ராலுக்குச் சின்னத் தலை, சுலபமாகத் தாண்டிவிடும். இந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற செல் தன் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. கைவிட்டால் செரின் லிப்பிட் வெளியே தலைகாட்டும். தட்டணுவில் அது ரத்தம் உறைவதற்கான தளம், சாகும் செல்லில் 'என்னைத் தின்று முடி' என்ற அறிவிப்பு. உள்ளே இருக்கும் செரின் லிப்பிடின் நீண்ட நேர் வால், வெளி அடுக்கின் நேர் வாலோடு நடுவில் கோத்துக்கொள்கிறது. ஆக்டின் பிடிப்பது இந்த உள்பக்கக் கைப்பிடியைத்தான் என்று பெங்களூர்க் குழு 2015-ல் காட்டியது.

வடிவத்தைப் பற்றியும் ஒரு வரி. தலையும் வாலும் சம அகலம் என்றால் லிப்பிட் உருளை, தட்டையான அடுக்கில் நன்றாகப் பொருந்தும். எத்தனாலமைன் லிப்பிடுக்குத் தலை சிறிசு, வால் பெரிசு, கூம்பு மாதிரி. தனியாக விட்டால் சவ்வை வளைத்து உடைக்கப் பார்க்கும். எம்ஆர்என்ஏ தடுப்பூசியின் லிப்பிட் துகள் இந்தக் குணத்தைத்தான் நம்பியிருக்கிறது. மாடர்னா தடுப்பூசியில் அமிலத்தில் மின்சுமை பெறும் லிப்பிட் 50 பங்கு, கொலஸ்ட்ரால் 38.5, நேர் வால் பாஸ்போலிப்பிட் 10, பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சேர்த்த லிப்பிட் 1.5. செல்லுக்குள் அமிலப் பைக்குள் போனதும் முதலாவது லிப்பிட் அங்கிருக்கும் எதிர்மின் லிப்பிடோடு சேர்ந்து கூம்பாகிப் பையின் சுவரைக் குலைக்கும், சரக்கு வெளியே வரும். இந்தியாவில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவேக்சினும் இந்த வகை இல்லை.

இனி முதல் கேள்விக்கு. செல்லிலிருந்து வெளிச்சவ்வை மட்டும் கொப்புளமாகப் பிரித்தெடுத்துக் குளிர வைத்தால், நம் ராட்சதக் குமிழ் போலவே இரண்டாகப் பிரிகிறது. பல செல்களில் 20 டிகிரியை ஒட்டி. அதாவது 37 டிகிரியில் வாழும் செல்லின் சவ்வு, பிரியும் எல்லைக்குக் கொஞ்சம் மேலே நின்றுகொண்டிருக்கிறது. எல்லைக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கும் கலவை முழுசாகவும் கலக்காது, முழுசாகவும் பிரியாது. சில பத்து நானோமீட்டர் அளவில் கூட்டம் கூடும், உடனே கலையும். குமிழ் பிரிவதற்கு முன் 'நடுங்குவது போல' என்று சொன்னேனே, செல்லின் சவ்வு எப்போதும் அந்த நடுக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளியே இருக்கிறது. அங்கே நின்றால், ஒரு புரதம் இரண்டு புரதத்தோடு கைகோத்தால் போதும், லிப்பிடுகள் சுற்றிச் சேர்ந்துவிடும்.

தற்செயலாக அமைந்திருக்கலாமே என்று கேட்கலாம். வெப்பநிலைக்கு ஏற்பப் பாக்டீரியா தன் லிப்பிடை மாற்றிச் சவ்வின் இளக்கத்தைக் காப்பாற்றுவது 1974-லேயே தெரியும். 2017-ல் வரிக்குதிரை மீன் செல்களை வெவ்வேறு வெப்பநிலையில் வளர்த்துப் பார்த்தார்கள். குளிரில் வளர்த்தால் பிரியும் புள்ளியும் இறங்கியது, சூட்டில் வளர்த்தால் ஏறியது. வளர்ந்த வெப்பநிலைக்கும் பிரியும் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம் மட்டும் ஏறக்குறைய மாறவில்லை.

ஈஸ்டில் இது தலைகீழாக நடக்கிறது. பேக்கரியில் பன் உப்ப வைக்கும் அதே ஈஸ்ட்தான். சாப்பாடு தீர்ந்துபோனதும் அதன் உள்ளே இருக்கும் வாக்குவோல் என்ற பையின் சவ்வில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன, உயிருள்ள செல்லிலேயே, சாதாரண ஒளிர் நுண்ணோக்கியில் தெரியும் அளவுக்கு. சுமார் 15 டிகிரி சூடாக்கினால் மறைகின்றன, ஆற வைத்தால் திரும்ப வருகின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாரா கெல்லர் குழு அதையும் வெவ்வேறு வெப்பநிலையில் வளர்த்துப் பார்த்தது. இங்கேயும் பிரியும் புள்ளி வளர்ந்த வெப்பநிலையோடு சேர்ந்தே நகர்ந்தது, ஆனால் எப்போதும் அதற்கு மேலே நின்றது. மீன் செல் எல்லைக்கு மேல் பக்கம் வாழ்கிறது, அதனால் அதன் கூட்டங்கள் கண்ணுக்குத் தப்புகின்றன. ஈஸ்டின் வாக்குவோல் எல்லைக்குக் கீழ்ப் பக்கம் வாழ்கிறது, அதனால் பிரிந்தே தெரிகிறது.